சொல்லித் தராத வித்தை

கிளிமானூர் அரண்மனைச் சுவர்களில் ஒரே கரிக்கோடுகள்! மிருகங்கள், மனிதர்கள்! கிறுக்கியவன் சிறுவன் ரவிவர்மா (பிறப்பு 1848). மாமா ராஜராஜவர்மா கோபிக்கவில்லை, சித்திரம் கற்றுக்கொடுத்தார்.

பதினான்கு வயதில் ரவிவர்மா திருவனந்தபுரம் போனார். எண்ணெய் வர்ணம் அங்கே புதிய வித்தை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினார். குருவுக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையின் கதி? 1868-ல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை; பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். அது போதுமானதாக இருந்தது! 1873-ல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குப் பரிசு.

மரம், மலை, நீர் தீட்டுவதில் தம்பி கெட்டிக்காரர். (அவர் பெயரும் ராஜராஜவர்மாதான்!) அண்ணன் உருவங்களை எழுத, பின்னணிக் காட்சிகளுக்குத் தம்பி கைகொடுத்தார். 1905-ல் தம்பி காலமானார். மறு ஆண்டே அண்ணனும் கண்மூடினார்.