கவுன்ட் ரம்ஃபோர்டு: கணப்பைத் திருத்திய பீரங்கிக்காரர்

தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் பீரங்கியைத் துளைத்த ஒருவர் வருவாரே, ஞாபகம் இருக்கா? பெஞ்சமின் தாம்சன் என்கிற கவுன்ட் ரம்ஃபோர்டு. துளை போடப் போட சூடு வந்துகொண்டே இருக்கிறது, தீரவே இல்லை. அப்படியானால் வெப்பம் ஒரு பொருளாக இருக்க முடியாது என்று 1798இல் எழுதியவர். இரண்டு மார்க் கேள்வியோடு நாம அவரை விட்டுடறோம். ஆனால் அன்றைய லண்டன் வீடுகளில் அவர் பெயர் பரவியது பீரங்கியால் அல்ல, கணப்படுப்பால்.

1753இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தார். கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையனாக இருந்தவர், 19 வயதில் வசதியான ஒரு விதவையை மணந்தார். சுதந்திரப் போர் நெருங்கியபோது பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னார். மனைவியையும் சின்னக் குழந்தையையும் விட்டுவிட்டு 1776இல் லண்டன் போய்விட்டார். அந்த மனைவியை மறுபடி பார்க்கவே இல்லை. ஆக, இவரை உத்தமர்னு நினைச்சுப் படிக்க வேண்டாம். ஆனால் அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத ஆள்.

அடுத்து பவேரியா. அங்கே ராணுவத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு கிடைத்தது. எந்தத் துணி குளிரைத் தாங்கும்? வெப்பமானியைச் சுற்றிப் பட்டு, கம்பளி, பஞ்சு, ரோமம் என்று மாற்றி மாற்றி வைத்து, அது ஆற எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார். இழைகளுக்கு நடுவே நகர முடியாமல் மாட்டிக்கொண்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது என்று புரிந்தது. இன்னைக்கு நாம பார்க்கிற தெர்மாக்கோல் செய்வதும் அதே வேலைதான்.

1790 புத்தாண்டு அன்று முனிக் தெருக்களில் பிச்சை எடுத்தவர்களை ராணுவத்தை வைத்துப் பிடித்து, தொழிற்கூடத்தில் சேர்த்தார். அவர்களுக்கு வேலையும் கிடைத்தது, சூப்பும் கிடைத்தது. தினமும் அத்தனை பேருக்குச் சமைக்கணும், விறகும் மிச்சமாகணும். திறந்து எரிந்த நெருப்பைச் செங்கல் அடுப்புக்குள் மூடி, பாத்திரத்தை அதற்குள் இறக்கிவைத்தார்.

1795இல் லண்டன் திரும்பினார். அங்கே வீட்டுக்கு வீடு அகலமான கணப்பு, அறை முழுக்கப் புகை. முன்னால் உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு நடுங்கும். ஏன் தெரியுமா? பெரிய புகைபோக்கி, நெருப்பின் சூட்டோடு அறையின் வெதுவெதுப்பான காற்றையும் உறிஞ்சி மேலே அனுப்பியது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழைந்தது. நெருப்பைப் பெரிதாக்கினால் இன்னும் அதிகமாக நுழையும்!

ரம்ஃபோர்டு நெருப்பைத் தொடவில்லை, வழியைச் சுருக்கினார். புகைபோக்கியின் கழுத்தைச் சுமார் 4 அங்குலமாக்கினார். பின்சுவரை முன்னால் கொண்டுவந்தார். பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 டிகிரி கோணத்தில் சாய்த்தார். சூடு பட்டு அறைக்குள் திரும்பியது. தேவைப்பட்டது கொஞ்சம் செங்கல், சாந்து, ஒரு கொத்தனார். புதுசா எதையும் வாங்க வேண்டாம். அளவுகளை 1796இல் கட்டுரையாக வெளியிட்டார். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், பழங்காலத்துக் கணப்பை ஆசையாக எதிர்பார்த்துப் போகும் நாயகி, அங்கே ரம்ஃபோர்டு கணப்பைப் பார்த்து ஏமாறுகிறாள். அவ்வளவு தூரம் பரவிவிட்டது.

1799இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் உருவாக அவர்தான் முக்கியக் காரணம். ஹம்ஃப்ரி டேவியை அங்கே வேலைக்கு எடுத்ததும் அவரே. பிறகு பாரிஸில் லவாய்சியரின் மனைவியாக இருந்தவரை மணந்தார். வெப்பத்தை 'கலோரிக்' என்ற பொருளாகச் சொன்னவர் லவாய்சியர். அதை மறுத்தவர் இவர்! அந்த வீட்டில் மட்டும் சூடு குறையவே இல்லை, சில வருடங்களில் பிரிந்தார்கள். 1814இல் பாரிஸ் அருகே ஓட்டேயில் இறந்தார்.

நமக்குக் கணப்பு கிடையாது. சூட்டை உள்ளே விடாம இருக்கறதுதான் நம்ம பாடு. ஆனாலும் கேள்வி அதேதான்: வெப்பம் எந்த வழியாகப் போகுது, வருது? ஐந்து ஸ்டார் ஏசிக்கு அப்பாவிடம் கேட்கும் முன், ஃபேனை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கதவிடுக்கில் பிடிச்சுப் பாருங்க. புகை சாய்ந்தால் அங்கே காற்று கசியுது. அந்த இடுக்கை அடைக்க ஒரு ரப்பர் பட்டை போதும். அடுத்து மதியம் மூணு மணிக்கு மேற்கு ஜன்னல் கண்ணாடியையும் மேல்மாடி அறையின் கூரையையும் தொட்டுப் பாருங்க. எது அதிகமாகச் சுடுதோ, முதல் செலவை அங்கே பண்ணுங்க.