கற்களில் முன்னோரைக் கண்டவர்

கொல்லிமலைக்கு நம்மில் பலர் சென்றிருப்போம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறி, அருவியைப் பார்த்து, மிளகும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம். அங்குள்ள சிற்றூர்களில் மரத்தடியிலோ சிறு கோயிலிலோ வழவழப்பான சில கற்கள் வைக்கப்பட்டிருப்பதை நாம் கவனித்தோமா? ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை அகன்றும் இருக்கும் அந்தக் கற்களை மலைவாழ் மக்கள் வணங்கி வருகிறார்கள். அவை ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர் தீட்டி மெருகேற்றிய கற்கோடரிகள்.

இத்தகைய கற்களைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் பெயர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வின் தந்தை என்று அறிஞர்கள் போற்றுவது இவரைத்தான்.

ஃபூட் 1834ம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858ல், தமது 24ம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளையும் மண் அடுக்குகளையும் ஆராய்ந்து வரைபடம் தயாரிப்பதே அவருடைய வேலை.

அக்காலத்தில் பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகள் கிடைத்தன. மனித இனம் தாங்கள் எண்ணியதைவிட மிகப் பழமையானது என்பதை 1859ல் ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்கத் தொடங்கினர். அச்செய்தியைப் படித்த ஃபூட்டின் மனத்தில், நம் மண்ணிலும் அப்படிப்பட்ட கருவிகள் இருக்கக்கூடுமோ என்ற கேள்வி எழுந்தது. வேலைக்குச் செல்லும் இடமெல்லாம் கண்களைத் தரையில் பதித்தே நடந்தார்.

1863ம் ஆண்டு மே 30ம் நாள். பல்லாவரத்தில் படைவீரர்களின் திடலுக்கு அருகே சரளைக்கல் தோண்டிய ஒரு பள்ளம். அங்கிருந்து வெளியே எறியப்பட்ட கற்குவியலில் ஒரு கல்லை ஃபூட் கையில் எடுத்தார். அது இயற்கையாக உடைந்த கல் அல்ல. மனிதக் கை திட்டமிட்டுச் செதுக்கிய கைக்கோடரி. பலரும் கடந்து சென்ற பாதையில்தான் அது கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28ல், தம்முடன் பணிபுரிந்த வில்லியம் கிங்குடன் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்.

ஃபூட்டின் துணைவியார் எலிசபெத் ஆன், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் அவர்களின் மகள். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். 1870ல் துணைவியாரை இழந்த துயரத்திலும் ஃபூட் தம் பணியை விட்டுவிடவில்லை.

1884ல் கர்னூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளைத் தம் மகன் ஹென்றியுடன் சேர்ந்து ஆராய்ந்தார். பழங்கால விலங்குகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. பெல்லாரிப் பகுதியில் ஆடு மாடு வளர்த்த மக்கள் விட்டுச்சென்ற சாம்பல் மேடுகளையும், கப்கல்லுக் குன்றின் பாறைகளில் அவர்கள் பொறித்த காளை உருவங்களையும் பற்றி எழுதினார். வயிற்றுக்கு உணவு தேடியவர்கள் பாறையில் உருவங்களும் வரைந்தார்கள் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது அல்லவா?

1891ல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் அரசுகளுக்காகவும் உழைத்தார். பிறகு கொல்லிமலையின் அண்டை மலையான சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் குடியேறினார். அம்மலையில் கிடைத்த கற்கோடரிகளும் அவருடைய சேகரிப்பில் இடம்பெற்றன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்த கருவிகளும் பானை ஓடுகளும் 1904ல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்பதை எழுதிவைத்து, முதுமையிலும் அவற்றுக்குப் பட்டியல் தயாரித்தார். அது அச்சில் வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1912 டிசம்பர் 29ல் கொல்கத்தாவில் காலமானார். அவரது சாம்பல் ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஃபூட்டின் காலத்தில் ஒரு கல்லின் வயதைக் கணக்கிட வழியே இல்லை. ஆனால் அவர் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்பு அவர்களின் குழு 1999 முதல் அகழாய்வு செய்தது. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011ல் அக்குழு வெளியிட்டது. அவற்றைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற உடலமைப்புக் கொண்டவர்கள்கூட அல்லர். நமக்கு முந்தைய ஆதி மனிதர்.

இதைக் கேட்டு நம் விசுவாசம் கலங்க வேண்டுமா? வேண்டியதில்லை. பிரான்சின் குகை ஓவியங்களை ஆராய்ந்த ஹென்றி புரூய் ஒரு கத்தோலிக்கக் குரு. சீனாவில் பழங்கால மனிதரின் எலும்புகளை ஆராய்ந்த தெய்யார் தெ ஷர்தேன் ஓர் இயேசு சபைக் குரு. பரிணாமக் கொள்கை வெறும் அனுமானம் அல்ல என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996ல் திருப்பீட அறிவியல் கழகத்திற்கு எழுதிய செய்தியில் ஏற்றுக்கொண்டார். மண்ணிலிருந்து மனிதரை உருவாக்கிய இறைவன் எவ்வளவு பொறுமையுள்ளவர் என்பதையே இந்த நீண்ட காலக் கணக்கு நமக்குக் காட்டுகிறது.

யோர்தானைக் கடந்த இஸ்ரயேல் மக்கள் பன்னிரண்டு கற்களை நாட்டி வைத்தார்கள். பின்னாளில் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் பிள்ளைகள் கொல்லிமலைக் கற்களைக் காட்டிக் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

பல்லாவரத்தின் அந்த இடத்தை இன்று நகரம் மூடிவிட்டது. மலைகளிலும் சாலைக்கும் வீட்டுக்கும் மண் தோண்டப்படுகிறது. அந்த மண்ணோடு ஒரு கோடரியும் லாரியில் ஏறிப் போய்விடலாம். அப்படியொரு கல் நம் கண்ணில் பட்டால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கோ அரசு அருங்காட்சியகத்திற்கோ தெரிவிப்போம். மரத்தடியில் வணங்கப்படும் கற்களை விளையாட்டாகக்கூட எடுத்துவர வேண்டாம். எழுத்தறியாத எளிய மக்களின் மரியாதைதான் இவ்வளவு காலம் அவற்றைக் காப்பாற்றியது.

நவம்பர் மாதத்தில் கல்லறைகளுக்குச் சென்று, பெயர் தெரிந்த நம் முன்னோருக்காக மெழுகுதிரி ஏற்றுகிறோம். பெயரும் கல்லறையும் இல்லாமல், ஒரு கற்கோடரியை மட்டும் விட்டுச்சென்ற முன்னோரையும் இனி அந்த வேளையில் நினைத்துக்கொள்வோம். அவர்களும் இறைவனின் கைவேலைதானே!