விரலில் பல்பு கட்டி வேலையை அளந்த கொத்தனார்: யார் இந்த பிராங்க் கில்பிரெத்?

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளில் கல் அடுக்குபவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உடம்பு முழுசாகக் குனிந்து நிமிரும். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், வேலையை நொடிக்கணக்கில் அளக்கும் 'டைம் ஸ்டடி' பல தொழிலாளர்களுக்குப் பழகிப்போன வார்த்தை. செங்கல்லில் தொடங்கி, தொழிற்சாலைக்குள் சினிமா கேமராவோடு நுழைந்தவர்தான் பிராங்க் கில்பிரெத்.

1868-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகாமல், 17 வயதில் கொத்து வேலை கற்கப் போனார். அங்கேதான் ஒரு சந்தேகம் வந்தது. கொத்தனார்கள் பழகுபவருக்கு ஒரு மாதிரி சொல்லித்தருகிறார்கள். அவசரத்தில் வேறு மாதிரி வைக்கிறார்கள். நிதானமாகச் செய்தால் அது மூன்றாவது மாதிரி. இதில் எதுதான் சரி?

ஒரு கல்லை வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டதைக் கணக்கெடுத்தார். பிறகு, கல்லும் கலவையும் இடுப்பு உயரத்துக்கே வரும்படி, சுவரோடு சேர்ந்து உயர்த்தக்கூடிய சாரம் செய்தார். கல்லின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி முன்கூட்டியே அடுக்கிக் கொடுக்கச் சொன்னார். அசைவுகள் ஐந்துக்குள் வந்தன. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 கல் வைத்ததாக, தொழில் மேலாண்மையில் பெரும் பெயர் எடுத்த பிரெடரிக் டெய்லர் 1911-ல் எழுதினார்.

கேமரா எப்படி வந்தது?

டெய்லரின் ஆயுதம் ஸ்டாப்வாட்ச். அதே 1911-ல், வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஸ்டாப்வாட்ச் எவ்வளவு நேரம் என்று சொல்லும். அந்த நேரம் எங்கே வீணானது என்று சொல்லாது. இந்த இடைவெளியைத்தான் கில்பிரெத் பிடித்துக்கொண்டார்.

1912 முதல் தொழிற்சாலைக்குள் படம் எடுத்தார். அன்றைய கேமராவைக் கையால் சுற்ற வேண்டும், வேகம் சீராக இருக்காது. அதனால் நிமிடத்தை ஆயிரம் பங்காகவும் அதற்கு மேலும் பிரித்துக் காட்டும் ஒரு கடிகாரத்தையே படத்துக்குள் வைத்துவிட்டார். எளிமையான யோசனைதான், ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரேமுக்கும் நேரம் தெரிந்தது.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். தொழிலாளியின் விரலில் சின்ன பல்பு கட்டி, கேமராவைத் திறந்தபடியே விட்டு வேலை செய்யச் சொன்னார். கை போன பாதை முழுக்க வெளிச்சக் கோடாக ஒரே படத்தில் விழுந்தது. பல்பை விட்டு விட்டு எரிய வைத்தபோது கோடு புள்ளிகளானது. புள்ளிகள் நெருங்கினால் கை மெதுவாகப் போகிறது, விலகினால் வேகமாகப் போகிறது. அந்தப் பாதையைக் கம்பியில் வளைத்து மாதிரி செய்து தொழிலாளர்களிடம் காட்டினார்.

இன்றைய ஆராய்ச்சிகளில் செல்போன் வீடியோ போதும். தோள், முழங்கை, முட்டி எங்கே இருக்கிறது என்று மென்பொருளே பிரேமுக்குப் பிரேம் புள்ளி வைத்து, முதுகு எத்தனை டிகிரி வளைகிறது என்று சொல்லிவிடும். பல்புக்கு வேலை இல்லை. ஆனால் வாட்டர்டவுனில் எழுந்த சண்டை அப்படியே இருக்கிறது. அந்த டிகிரியைப் பார்த்து மேஜையை உயர்த்தப் போகிறார்களா, டார்கெட்டை உயர்த்தப் போகிறார்களா?

கில்பிரெத் இரண்டு பக்கமும் நின்றவர். உற்பத்தி கூடும் என்று சொல்லித்தான் முதலாளிகளிடம் வேலை வாங்கினார். அதே சமயம், மனைவி லில்லியனோடு சேர்ந்து 1916-ல் தொழிலாளியின் களைப்பைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். லில்லியன் உளவியல் படித்தவர். உடம்பு மட்டுமல்ல, மனசும் களைக்கும் என்பதை இந்த ஆய்வுக்குள் கொண்டு வந்தவர் அவர்தான். முதல் உலகப்போரில் கை, கால் இழந்தவர்கள் எப்படித் திரும்ப வேலை செய்யலாம் என்றும் இருவரும் ஆராய்ந்தார்கள். அறுவை சிகிச்சைகளையும் படம் எடுத்தார் கில்பிரெத். மருத்துவர் கருவியைத் தேடுவதில் நேரம் போகிறது, பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கையில் கொடுக்கட்டும் என்றார்.

1924 ஜூன் 14. ஐரோப்பிய மாநாடுகளுக்குக் கிளம்பும் நேரம். ரயில் நிலையத்திலிருந்து மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்தார். வயது 55. வீட்டில் 11 பிள்ளைகள்.

சில நாட்களிலேயே லில்லியன் கப்பல் ஏறி, கணவருக்குப் பதிலாக அந்த மாநாடுகளில் பேசினார். திரும்பி வந்தபோது பல நிறுவனங்கள் ஒரு பெண்ணிடம் ஆலோசனை கேட்கத் தயாராக இல்லை. அவர் அதே அசைவுக் கணக்கை சமையலறைக்குக் கொண்டுபோனார். பிறகு பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1972-ல், 93 வயதில் மறைந்தார்.