யானுஷ் கோர்ச்சாக்

யானுஷ் கோர்ச்சாக் (ஜூலை 22, 1878 – ஆகஸ்ட் 1942) போலந்து நாட்டைச் சேர்ந்த குழந்தை மருத்துவர், எழுத்தாளர், கல்வியாளர் ஆவார். இவரது இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஸ்மித். இவர் பிறந்த ஆண்டு 1879 எனக் கருதுவோரும் உளர். வார்சா நகரில் யூத அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை முப்பது ஆண்டுகள் நடத்தினார். குழந்தைகளைப் பராமரிப்பவர் தமது நடத்தைக்கு அக்குழந்தைகளிடமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கையை நடைமுறைப்படுத்தியவர் என அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

கோர்ச்சாக் வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வழக்கறிஞரான தந்தை மனநோயுற்று 1896 இல் இறந்தார். மாணவராயிருந்த கோர்ச்சாக் பிற மாணவர்களுக்குத் தனிப்பாடம் கற்பித்துக் குடும்பத்துக்கு உதவினார். 1898 இல் இலக்கியப் போட்டி ஒன்றுக்காகச் சூடிய புனைபெயரே பின்னர் நிலைத்தது. வார்சாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, அந்நகரின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார்.

அனாதை இல்லம்

1912 இல் குரோக்மால்னா தெருவில் திறக்கப்பட்ட அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். இல்லத்தின் அன்றாட நிருவாகத்தை ஸ்டெபானியா வில்சின்ஸ்கா கவனித்து வந்தார். ஏறத்தாழ 100 சிறுவர்கள் அங்கு வாழ்ந்தனர். மருத்துவர் நோயாளியைக் கவனிப்பது போல ஆசிரியரும் குழந்தையைப் பொறுமையுடன் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும், கவனிக்கும் முன் தீர்ப்பளிக்கலாகாது என்பது இவரது நிலைப்பாடு. இல்லத்தில் தங்கிப் பணிபுரிந்த இளம் பயிற்சியாளர்கள் இவ்வாறு எழுதிய குறிப்புகளை அவர்களுடன் கலந்துரையாடினார்.

சிறுவர் நீதிமன்றம்

இல்லத்தில் சிறுவர்களே நீதிபதிகளாக அமர்ந்த நீதிமன்றம் ஒன்று இயங்கியது. அவ்வாரத்தில் தம்மீது வழக்கு இல்லாத சிறுவர்களிலிருந்து 5 நீதிபதிகள் குலுக்கல் முறையில் தெரிவாயினர். ஆசிரியர் செயலாளராக மட்டும் இருந்தார். அவருக்கு வாக்குரிமை இல்லை. சட்டத்தொகுப்பின் முதல் 99 விதிகள் வழக்கைக் கைவிடுவதையோ மன்னிப்பதையோ பற்றியவை. அதன் பின் 100, 200 என்று நூறு நூறாக உயரும் எண்களுடைய விதிகள் படிப்படியாகக் கடுமையாகின்றன. 1000 ஆம் விதி இல்லத்திலிருந்து நீக்குவது.

ஆசிரியர் மீதும் சிறுவர் வழக்குத் தொடரலாம். கோர்ச்சாக்கே ஆறு மாதங்களில் ஐந்து முறை இந்நீதிமன்றத்தின் முன் நின்றதாகப் பதிவு செய்துள்ளார்.

எழுத்துப்பணி

முதலாம் உலகப்போரில் ரஷ்யப் படையின் மருத்துவராக இருந்தபோது, குழந்தையை எவ்வாறு நேசிப்பது என்னும் நூலை எழுதத் தொடங்கினார். கோடைகால முகாம்களில் சிறுவர்களை நடத்தியதில் தாம் செய்த பிழைகளை அந்நூலில் மறைக்காமல் விவரித்தார். குழந்தையின் மதிப்புக்கான உரிமை என்ற சிறுநூல் 1929 இல் வெளியானது. குழந்தை என்பது எதிர்காலத்தில் மனிதராகப் போகும் ஒன்றன்று, இப்போதே முழுமையான மனிதர் என்பது அதன் மையக்கருத்து. முதலாம் மாட் அரசர் இவரது புகழ்பெற்ற சிறுவர் புதினம். சிறுவர்கள் எழுதிய சிறிய மதிப்புரை என்னும் வார இதழை 1926 இல் தொடங்கினார். அது 1939 வரை வெளிவந்தது.

கெட்டோ காலம்

1940 இல் ஜெர்மானியர் இல்லத்தைக் கெட்டோ எனப்படும் மதில் சூழ்ந்த யூதர் பகுதிக்கு மாற்றினர். சிறுவர் தொகை ஏறத்தாழ 200 ஆக உயர்ந்தது. கோர்ச்சாக் வீடு வீடாகச் சென்று அவர்களுக்கு உணவு திரட்டினார்.

1942 பெப்ரவரியில், ஜெல்னா தெருவில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகத்திலும் பணி கேட்டு விண்ணப்பித்தார். அங்கே பட்டினியாலும் நோயாலும் குழந்தைகள் பெருந்தொகையில் இறந்துகொண்டிருந்தனர். பணியாளர் சிலர் குழந்தைகளின் உணவைத் திருடுவதாகத் தமது நாட்குறிப்பில் கடுமையாகக் குற்றஞ்சாட்டியுள்ளார். பட்டினி தம்மையும் வாட்டிய நிலையிலும், பராமரிப்பவர் குழந்தையின் பங்கைத் தொடுவதை அவர் ஏற்கவில்லை.

1942 ஜூலை 18 அன்று இல்லத்துச் சிறுவர்கள் ரவீந்திரநாத் தாகூரின் அஞ்சலகம் (டாக்கர்) நாடகத்தை நடித்தனர். அறைக்குள் அடைபட்டு இறக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றியது அந்நாடகம்.

இறப்பு

ஜூலை 22 அன்று கெட்டோவிலிருந்து மக்களை வதைமுகாமுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. தப்பிச் செல்லக் கிடைத்த வாய்ப்புகளை கோர்ச்சாக் ஏற்கவில்லை. சிறுவர்கள், வில்சின்ஸ்கா, பிற பணியாளர்கள் ஆகியோருடன் தொடர்வண்டி நிலையம் வரை நடந்து சென்றார். அனைவரும் திரெப்ளிங்கா வதைமுகாமில் கொல்லப்பட்டனர்.

நினைவு

1978 இல் குழந்தை உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையைப் போலந்து அரசு முன்மொழிந்தது. அதன் பின்னணியில் கோர்ச்சாக்கின் சிந்தனைகள் குறிப்பிடப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதனை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றது. 1990 இல் ஆந்திரே வாய்தா இவரது வாழ்க்கையைத் திரைப்படமாக்கினார்.