மழையில் கடிகாரம் கண்டவர்

நான் செம்பூரில் வளர்ந்தவன். என் பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் மழை ஓயாது. டிராம்பே குன்றுச் சரிவிலிருந்து மண் கலந்த நீர் பாயும். தாராவி ஓரமாகச் செல்லும் மித்தி ஆறு கலங்கி ஓடும். இந்த மழையையே ஆராய்ச்சிப் பொருளாக்கிய அறிஞர் ஒருவரை நம் மன்றத் தோழர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

அவர் பெயர் பெர்னார்டு பீட்டர்ஸ். 1910-இல், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த போசன் நகரில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியில் டாக்கோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். பின்னர் அமெரிக்கா சேர்ந்தார். ஓப்பன்ஹைமரிடம் பயின்று 1942-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1948-இல், வான்வெளிக் கதிர்களில் கனமான அணுக்கருக்களும் உண்டு என்று கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர்.

புகழ் வந்த மறு ஆண்டே பழியும் வந்தது. அரசியல் விசாரணைக் குழுவின்முன் அவருடைய ஆசிரியர் ஓப்பன்ஹைமரே அவரைப் பற்றி ஐயுறும்படி பேசினார். அது செய்தித்தாளிலும் வெளியாயிற்று. ஆசிரியர் பின்னர் விளக்கக் கடிதம் எழுதியும் காயம் ஆறவில்லை. அப்போது அவருக்குக் கதவு திறந்தது நம் பம்பாய். ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களின் தொடக்கத்தில் பேராசிரியரானார்.

வான்வெளிக் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போது பெரிலியம்-7, பெரிலியம்-10 என்னும் ஐசோடோப்புகள் பிறக்கின்றன. முன்னது 53 நாளில் பாதியாகிவிடும். பின்னது பாதியாக ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டு ஆகும். மழையோடு இறங்கி, மண்துகளைப் பற்றி, ஆற்று வழியே கடலடியில் படியும் இந்தப் பெரிலியம்-10, பூமியின் நெடுங்காலக் கணக்கைக் காட்டும் கடிகாரமாகும் என்று 1955-இல் பீட்டர்ஸ் எழுதினார். மறு ஆண்டு அவர் மாணவர் தேவேந்திர லாலும் துணைவர்களும் மழைநீரில் பெரிலியம் ஐசோடோப்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். 1957-இல் பீட்டர்ஸ் குழுவினர் ஆழ்கடல் மண்ணிலும் பெரிலியம்-10-ஐ அளந்தனர்.

பிறகு அவர் டென்மார்க் சென்றார். விதைத்தது இங்கே முளைத்துக்கொண்டிருந்தது. பாறைக்குள்ளேயும் இந்த ஐசோடோப்பு பிறக்கும். மெல்லத் தேயும் பாறையில் அது மிகுதியாகச் சேரும், விரைந்து தேயும் பாறையில் குறைவாகவே இருக்கும் என்பதை வைத்து, தேய்மானத்தைக் கணக்கிடும் வழியை 1991-இல் லால் வகுத்துத் தந்தார். இன்று ஒரு பிடி ஆற்று மணலைக் கொண்டு, அந்த ஆறு பாயும் நிலப்பரப்பு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்று கூறிவிடுகிறார்கள். லாலின் குழுவில் வளர்ந்த எஸ். கிருஷ்ணசாமி, துணைவர்களோடு கங்கை, பிரம்மபுத்திரா நீரில் ஸ்ட்ரோன்ஷியம் ஐசோடோப்புகளை அளந்து, இமயப் பாறைகள் கரைந்து கடலுக்குச் சேர்க்கும் பொருளை 1992-இல் எடுத்துக்காட்டினார்.

இந்திய அரசு 1985-இல் பீட்டர்ஸுக்குப் பத்மபூஷண் அளித்தது. 1993-இல் அவர் மறைந்தார்.

பிழைக்க வந்த என் பாட்டனாருக்கு இடம் கொடுத்த ஊர், பழி சுமந்து வந்த பேராசிரியருக்கும் இடம் கொடுத்தது. தோழர்களே, அவர் பழியை எண்ணி முடங்கியிருக்கலாம். மாறாக, தாம் தங்கிய ஊரின் வானத்தை நிமிர்ந்து பார்த்தார். வந்தேறிகள் என்று நம்மை யாரேனும் ஏசும்போது, எனக்கு அவர் நினைவே வருகிறது.