மலைக்கோட்டையில் ஓர் ஆயுதச்சாலை – ஹைதர் அலியின் திண்டுக்கல் நாட்கள்



நம் நாட்டில் செய்த தேஜஸ் போர் விமானத்தை வெளிநாடுகளுக்கு விற்று நட்பை வளர்ப்பது பற்றி எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வரலாற்றுப் பாடம் படித்த எனக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் சொந்தமாக ஆயுதம் செய்து, அதைப் பிறருக்குக் கொடுத்துச் செல்வாக்கைப் பெருக்கிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நம்ம ஊர் மலைக்கோட்டையில் இருந்தவர்தான். அவர் கதையைச் சொல்லிவிட்டு விமானத்துக்கு வருகிறேன்.

ஹைதர் அலி 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோலார் பக்கத்து பூதிக்கோட்டையில் பிறந்தவர். தகப்பனார் பத்தே முகமது ஒரு படைத்தலைவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்த ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பல மொழிகள் பேசுவார், கேட்டதை மறக்க மாட்டார். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் எடுத்தார். பிறகு மைசூர்ப் படையோடு திருச்சிக்கு வந்தபோது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதை நேரிலேயே பார்த்தார். கூட்டம் பெரிசாக இருந்தால் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற காலாட்படையும் நல்ல பீரங்கியும் வேண்டும் என்று அங்கேதான் அவருக்கு விளங்கியது.

1755இல் மைசூர் அரசு அவரைத் திண்டுக்கல் பவுஜ்தாராக அனுப்பியது. மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை அவர் கைக்கு வந்தது. பழனி, விருப்பாச்சிப் பக்கத்துப் பாளையக்காரர்களை அடக்குவதுதான் வேலை. அதில் அவர் காட்டிய கடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. சாமர்த்தியத்திலும் குறைச்சல் இல்லை. சண்டையில் அடிபடாத ஆட்களுக்கும் கட்டுப் போட்டு உட்காரவைத்து, காயம்பட்டோர் கணக்கைக் கூட்டிக்காட்டி மைசூரிலிருந்து பணம் வாங்கினார் என்று வில்க்ஸ் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரிப் பக்கமிருந்து பிரெஞ்சுத் தொழில்நுட்ப ஆட்களை வரவழைத்துத் திண்டுக்கல்லில் ஓர் ஆயுதச்சாலையை அமைத்தார். வெளியாளிடம் பீரங்கியை விலைக்கு வாங்கினால், அவன் கோபித்துக்கொண்ட அன்றைக்கு நம் கை கட்டப்பட்டுவிடும். வித்தையை வாங்கி நம் ஊரிலேயே பட்டறை போட்டால் அந்தப் பயம் குறையும். எழுத்தறியாத அந்த மனிதர் இந்தப் பாடத்தைப் படித்தது இங்கேதான். திண்டுக்கல்லில் சேர்த்த படையும் பணமும் பீரங்கியும்தான், 1761இல் அவர் மைசூர் ஆட்சியையே கைப்பற்ற ஏணியாக இருந்தன.

இனி ஆயுதம் கொடுத்த கதை. 1772 ஜூனில் காளையார்கோவிலில் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அரசி வேலுநாச்சியார் மகள் வெள்ளச்சியோடு நம் விருப்பாச்சிக்கு வந்து, பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலமானார். பிரதானி தாண்டவராய பிள்ளை அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஹைதருக்குக் கடிதம் எழுதி 5,000 குதிரைப் படையும் 5,000 காலாட்படையும் கேட்டார். பிறகு நாச்சியார் ஹைதரைச் சந்தித்து உருது மொழியிலேயே தம் நிலைமையை எடுத்துச் சொன்னார் என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உதவி உடனே வந்துவிடவில்லை. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அந்த அம்மையார் காத்திருந்தார். கடைசியில் ஹைதர் கொடுத்த படையும் ஆயுதமும் திண்டுக்கல் பக்கமிருந்து புறப்பட, மருது சகோதரர்கள் துணை நிற்க, 1780இல் சிவகங்கை மீண்டது.

இது தர்மத்துக்குச் செய்த உதவியா? இல்லை. அதே 1780இல் ஹைதர் கர்நாடகத்தின் மீது படையெடுத்திருந்தார். தெற்கே நவாபுக்கு ஒரு தலைவலி இருப்பது அவருக்கு லாபம். நாச்சியாருக்கோ நாடு கிடைத்தது. இரண்டு பேருக்கும் பயன் இருந்ததால்தான் அந்த உறவு நின்றது.

இதற்கு நேர்மாறான உறவும் அவர் வாழ்க்கையில் உண்டு. முதல் மைசூர்ப் போரின் முடிவில், 1769இல் சென்னையில் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை ஆயிற்று. ஒருவரை எவராவது தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்பது நிபந்தனை. கொஞ்ச நாளிலேயே மராத்தியர் மைசூரைத் தாக்கினார்கள். கம்பெனி அசையவில்லை. அந்த ஏமாற்றத்தை ஹைதர் கடைசிவரை மறக்கவே இல்லை. 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததற்கு, மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் எவ்வளவு காரணமோ, அந்த முறிந்த வாக்கும் அவ்வளவு காரணம் என்பேன்.

அந்தப் போரில் ஹைதரின் படை ஆற்காட்டுச் சீமையில் ஊர்களை எரித்ததும், ஏழை விவசாயிகள் அலைந்ததும் உண்மை. ஆயுதத்தின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் காலமானார். 1790இல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, காங்கிரீவ் என்பவர் செய்த ராக்கெட்டுக்கு முன்மாதிரி ஆயின.

இப்போது விமானத்துக்கு வருவோம். தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரியில். அதைக் கட்டும் எச்.ஏ.எல். நிறுவனம் இருப்பது ஹைதர் ஆண்ட பெங்களூரில். தேஜஸ் படைப்பிரிவு ஒன்று இருப்பது நம்ம கோவைப் பக்கத்துச் சூலூரில். மலேசியாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் விற்கப் பேச்சு நடந்தது. மலேசியா 2023இல் கொரிய விமானத்தை வாங்கிவிட்டது. அர்ஜென்டினாவுக்கோ, விமானத்திலுள்ள பிரிட்டிஷ் பாகங்கள் குறுக்கே நின்றன. என்ஜின் அமெரிக்காவுடையது. 2021இல் 99 என்ஜின்கள் கேட்டோம், முதலாவது 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து நம் விமானி ஒருவர் உயிரிழந்தார். இதை எழுதும்வரை எந்த நாடும் தேஜஸை வாங்கவில்லை.

ஆனால் பிரம்மோஸ் ஏவுகணையை 2022இல் பிலிப்பைன்ஸ் வாங்க ஒப்பந்தம் போட்டது, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் ஈக்வடார் வாங்கிய ஏழு துருவ் ஹெலிகாப்டர்களில் நான்கு விபத்துக்குள்ளாகி, 2015இல் அந்த ஒப்பந்தமே ரத்தானது. காரணம் யார் என்பதில் இரு தரப்புக்கும் வழக்கு உண்டு. எப்படியானாலும் போன நம்பிக்கை போனதுதான்.

ஹைதர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, உயிர்நாடியான பாகம் நம் பட்டறையில் உருவாகாதவரை, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவும் முழுக்க நம்முடையதாகாது. இரண்டு, விற்பதோடு உறவு முடிவதில்லை. ஒரு போர் விமானம் முப்பது நாற்பது வருஷம் பறக்கும். அத்தனை வருஷமும் உதிரிபாகமும் பயிற்சியும் கொடுப்போம் என்ற வாக்கைத்தான் வாங்குகிற நாடு உண்மையில் விலைக்கு வாங்குகிறது. 1769இல் கம்பெனி செய்ததை நாம் செய்தால், நண்பனையே எதிரியாக்கிக்கொள்வோம்.

தம்பி தங்கைகளே! தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் இருக்கின்றன. திண்டுக்கல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் என்ன? திருச்சியும் கோவையும் நமக்கு எட்டும் தூரம்தான். உலோகவியலும் என்ஜின் நுட்பமும் படித்து, அந்த இல்லாத என்ஜினைச் செய்கிறவர்களில் நம் கல்லூரிப் பிள்ளை ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அப்படி ஒருவர் வந்தால், அடுத்த மலரில் அவரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் ஊர்!