இளையாழ்வார் கண்ட வழி

தொண்டை நாட்டின் பழைய தலைநகரமாகிய காஞ்சிபுரம், கோயில்களாலும் கல்வியாலும் நெசவாலும் புகழ்பெற்ற மூதூர் ஆகும். பல்லவர் காலத்தில் இங்கு விளங்கிய கடிகை என்னும் கல்விக் கழகத்தை நாடிப் பிற நாட்டு மாணவரும் வந்தனர். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங் இந்நகரைக் கண்டு சென்றார். பட்டு நெசவோ இன்றும் இந்நகரின் பெயரை உலகெங்கும் பரப்பி வருகிறது. இங்குள்ள நெசவாளர் பாவை நீள விரித்து, அறுந்த இழைகளைப் பிணைத்து, ஒழுங்கு செய்த பின்னரே தறியில் ஏற்றுவர். ஓரிழை இடம் மாறிப் பிணைக்கப்படின், அப்பிழை சேலையின் நீளம் முழுவதும் தொடர்ந்து செல்லும். ஆதலின் அதனைத் தொடக்கத்திலேயே கண்டு திருத்துதல் அவர்தம் வழக்கம்.

மனித வாழ்வும் அத்தகையதே. இளமையில் உள்ளம் எத்திசையை நோக்கி அமைகின்றதோ, அத்திசையிலேயே வாழ்நாளும் செல்கின்றது. ஆனால் அத்திசையை அறிவது எளிதன்று. பெரியோர் சொல் ஒரு பக்கம் இழுக்கும். உலக வழக்கம் மற்றொரு பக்கம் இழுக்கும். உள்ளத்தின் அறம் வேறொரு பக்கம் சுட்டும். இம்மூன்றும் மாறுபட்டு நின்ற வேளைகளில் தமக்குரிய வழியைத் தெளிந்து நடந்த பெரியார் ஒருவர் இக்காஞ்சி நகரில் வாழ்ந்தார். அவரே இராமாநுசர். அவர் வரலாற்றை வைணவ குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கின்றன.

பிறப்பும் இளமையும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பெரும்பூதூரில் கேசவ சோமயாசியார் என்பவர்க்கும் காந்திமதி அம்மையார்க்கும் மகனாக இராமாநுசர் 1017 ஆம் ஆண்டில் பிறந்தார் என்பது வைணவ மரபு. அக்காலத்தில் தமிழகத்தை ஆண்டவன் கங்கை கொண்ட சோழன் எனப் புகழ்பெற்ற முதலாம் இராசேந்திரன். குழந்தைக்குத் தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி இளையாழ்வார் என்று பெயரிட்டார். இளையாழ்வார் தந்தையாரிடமே தொடக்கக் கல்வியைப் பெற்றார். உரிய பருவத்தில் தஞ்சமாம்பாள் என்னும் நங்கையை மணந்தார். சிறிது காலத்தில் தந்தையார் மறைந்தார். அதன்பின் உயர்கல்வி பெற விரும்பிக் காஞ்சிக்கு வந்தார்.

ஆசிரியரும் மாணவரும்

அந்நாளில் காஞ்சிக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியில் யாதவப் பிரகாசர் என்னும் பேரறிஞர் வேதாந்தம் கற்பித்து வந்தார். இளையாழ்வார் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய சிற்றன்னையின் மகனாகிய கோவிந்தனும் அங்கு உடன் பயின்றான்.

ஒருநாள் இளையாழ்வார் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தார். அப்பொழுது ஆசிரியர், சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவன் திருக்கண்களை வருணிக்கும் சொல்லொன்றுக்குக் குரங்கின் உறுப்பொன்றை உவமையாகக் கொண்டு பொருள் கூறினார். அதனைக் கேட்ட மாணவர் கண்களில் நீர் பெருகியது. வெம்மையான கண்ணீர்த்துளி தம் தொடைமேல் விழவே, ஆசிரியர் நிமிர்ந்து நோக்கிக் காரணம் வினவினார். இளையாழ்வார் பணிவுடன், அச்சொல்லுக்கு ஞாயிற்றின் கதிர்களால் மலர்ந்த தாமரை என்று பொருள்கொள்ள இலக்கணம் இடந்தருவதை எடுத்துரைத்தார். ஆசிரியர் முகம் வாடியது. இத்தகைய கருத்து வேற்றுமைகள் பின்னரும் நிகழ்ந்தன.

ஆசிரியரைப் போற்றுதல் மாணவர் கடமை. உண்மையெனத் தாம் தெளிந்ததை மறையாது உரைத்தலும் கடமையே. இவ்விரண்டில் ஒன்றன்பொருட்டு மற்றொன்றை இளையாழ்வார் கைவிடவில்லை. அவர் எண்ணெய் தேய்க்கும் பணியை விட்டு எழவுமில்லை. தம் கருத்தை விழுங்கவுமில்லை. ஆனால் அதற்குரிய விலை பெரிதாயிருந்தது.

காட்டில் வழி தவறுதல்

மாணவரின் அறிவு வளர வளர யாதவப் பிரகாசருக்கு அச்சமும் பொறாமையும் மிகுந்தன. மாணவர் குழாத்துடன் காசிக்குச் சென்று, கங்கையில் நீராடும்பொழுது இளையாழ்வாரை அமிழ்த்திவிடுவது என்று அவர் சூழ்ச்சி செய்தார். அனைவரும் வடதிசை நோக்கிப் புறப்பட்டனர். விந்திய மலைக்காட்டை அடைந்தபொழுது கோவிந்தன் அச்சூழ்ச்சியை அறிந்து, தனியே இளையாழ்வாரைக் கண்டு தப்பிச் செல்லுமாறு வேண்டினான். தன் உயிருக்கு வரக்கூடிய தீங்கை அவ்விளைஞன் எண்ணிப் பார்க்கவில்லை.

இளையாழ்வார் காட்டுக்குள் மறைந்தார். பின்னே சென்றால் பகை. முன்னே சென்றால் அடர்ந்த காடு. துணையுமில்லை, வழியும் தெரியவில்லை. கால் சோர்ந்து ஒரு மரத்தடியில் அமர்ந்த அவர் முன் ஒரு வேடனும் அவன் மனைவியும் வந்தனர். தாங்கள் தென்திசை செல்வதாகக் கூறி அவரையும் உடனழைத்துக் கொண்டனர். அன்றிரவு ஓரிடத்தில் தங்கியபொழுது வேடுவப் பெண் தாகத்தால் வருந்தினாள். விடிந்ததும் இளையாழ்வார் அருகிலிருந்த கிணற்றில் இறங்கி, இரு கைகளாலும் நீரை ஏந்தி வந்து மும்முறை அளித்தார். மீண்டும் நீர் கொண்டு ஏறி வந்து பார்த்தபொழுது அவ்விருவரையும் காணவில்லை. அவ்வழியே சென்றோரிடம் அது எவ்விடம் என்று வினவினார். அது காஞ்சிபுரம் என்று அவர்கள் கூறினர். நிமிர்ந்து நோக்கியபொழுது வரதராசர் கோயில் விமானம் தோன்றியது. வேடுவராய் வந்தோர் காஞ்சி வரதராசரும் பெருந்தேவித் தாயாருமே என்பது வைணவர் நம்பிக்கை. அக்கிணறு சாலைக்கிணறு என்னும் பெயரால் செவிலிமேட்டின் பக்கத்தில் இன்றும் போற்றப்படுகிறது.

இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை விளங்குகின்றது. நூல் பல கற்ற இளைஞர்க்குக் காட்டில் அந்நூல்கள் வழி காட்டவில்லை. தம்பியின் அன்பும், கல்வியறியா வேடுவரின் இரக்கமுமே வழி காட்டின. எத்துணைக் கற்றவரும் பிறரிடம் வழி கேட்க வேண்டிய காலம் உண்டு என்பதையும், வழி காட்டுவோரின் பிறப்பை நோக்குதல் பேதைமை என்பதையும் இளையாழ்வார் அன்று உணர்ந்தார் எனலாம். அவருடைய பிற்கால வாழ்வே அதற்குச் சான்று.

திருக்கச்சி நம்பியின் தொடர்பு

காஞ்சி வரதராசர்க்கு ஆலவட்டம் வீசும் தொண்டினைச் செய்து வந்தவர் திருக்கச்சி நம்பி. அவர் பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்தவர். அவருடைய சொற்படி இளையாழ்வார் சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் நீர் சுமந்து சென்று கோயிலில் சேர்க்கும் பணியை மேற்கொண்டார். நம்பியின் பத்தியையும் பண்பையும் கண்டு, அவரையே ஆசிரியராகக் கொள்ள விழைந்தார். அந்தணர் ஒருவர் தம்மை அடிபணிதல் உலக வழக்கத்திற்கு மாறானது என்று நம்பி மறுத்துவிட்டார்.

ஆயினும் இளையாழ்வார் உள்ளம் மாறவில்லை. ஒருநாள் நம்பியைத் தம் இல்லத்திற்கு உணவருந்த அழைத்தார். அவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் நம்பியைத் தேடிச் சென்றிருந்த வேளையில் நம்பி வேறு வழியாக வந்து, விரைவில் உண்டு சென்றார். தஞ்சமாம்பாள் அக்கால வழக்கப்படி அவ்விடத்தைத் தூய்மை செய்து, நீராடி, கணவர்க்கு வேறு உணவு சமைத்தார். திரும்பி வந்த இளையாழ்வார் நிகழ்ந்ததைக் கண்டு மிகவும் வருந்தினார். பிறந்த குலத்தை நோக்கும் வழக்கம் ஒருபுறமும், பண்பை நோக்கும் அறம் மறுபுறமும் அவருடைய இல்லத்திலேயே எதிரெதிர் நின்றன.

பின்பு தம் உள்ளத்து ஐயங்களை இறைவனிடம் விண்ணப்பித்து விடை பெற்றுத் தருமாறு அவர் நம்பியை வேண்டினார். நம்பி பெற்றுத் தந்த விடைகள் ஆறு வார்த்தைகள் என வழங்கும். பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள்க என்பது அவற்றுள் ஒன்று. பெரிய நம்பி திருவரங்கத்தில் வாழ்ந்த ஆளவந்தாரின் மாணவர். ஆளவந்தார் மறைந்தபின், அவருக்குப்பின் வைணவ நெறியைக் காக்க இளையாழ்வாரே தக்கவர் எனக் கருதி, பெரிய நம்பி காஞ்சியை நோக்கி வந்து கொண்டிருந்தார். இளையாழ்வாரும் திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டார். ஒருவரையொருவர் தேடிச் சென்ற இருவரும் மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோயிலில் சந்தித்தனர். அங்கே மகிழ மரத்தின் நிழலில் இளையாழ்வார் பெரிய நம்பியின் மாணவரானார்.

காஞ்சிக்கு மீண்டபின் இல்லத்தில் கருத்து வேற்றுமைகள் மிகுந்தன. முடிவில் அவர் மனைவியைத் தந்தையார் இல்லத்திற்கு அனுப்பிவிட்டு, வரதராசர் கோயிலின் அனந்தசரசு என்னும் குளக்கரையில் துறவு பூண்டார். அப்பிரிவு எவர்க்கும் எளிதாய் இருந்திராது. தம்மைக் கொல்ல எண்ணிய யாதவப் பிரகாசர் பின்னாளில் மனம் மாறி வந்தபொழுது, இராமாநுசர் அவரை அன்புடன் ஏற்றுக்கொண்டார். ஆசிரியராய் இருந்தவர் கோவிந்த சீயர் என்னும் பெயருடன் மாணவரானார்.

திருக்கோட்டியூரில் நிகழ்ந்தது

திருவரங்கத்திலிருந்து அழைப்பு வரவே, இராமாநுசர் அங்குச் சென்று கோயில் ஆட்சியை ஏற்றார். அந்நாளில் திருமந்திரத்தின் உட்பொருளை அறிந்தவராகத் திருக்கோட்டியூர் நம்பி விளங்கினார். அதனைக் கற்க விரும்பிய இராமாநுசர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். பதினெட்டாம் முறையில் நம்பி அதனை உபதேசித்தார். தகுதியற்றவர்க்கு அதனை வெளியிடலாகாது என்றும், வெளியிடுவோர் நரகம் புகுவர் என்றும் கட்டளையிட்டார்.

இராமாநுசர் உள்ளம் கலங்கியது. ஆசிரியர் கட்டளையைக் கடத்தல் பிழை. பசித்தோர் சூழ்ந்து நிற்கச் சோற்றை மூடி வைத்தலும் பிழை. எத்திசையில் நடந்தாலும் ஒரு பிழை நேரும் என்னும் நிலையில் அவர் நின்றார். கட்டளையை மீறினால் துன்பம் தமக்கு ஒருவர்க்கே. காத்தாலோ இழப்பு எண்ணற்ற மக்களுக்கு. இதனைத் தெளிந்தபின் அவர் தயங்கவில்லை. கோயிலில் கூடியிருந்த மக்களுக்கு அப்பொருளை வெளிப்படையாக உரைத்தார்.

செய்தியறிந்த நம்பி சினங்கொண்டு காரணம் கேட்டார். இராமாநுசர் தம் செயலை மறைக்கவில்லை. தமக்குத் தண்டனை கூடாது என்று வாதிடவுமில்லை. தாம் ஒருவர் நரகம் புக, மக்கள் பலர் நற்கதி பெறுவராயின் அதுவே தமக்கு உவப்பு என்று பணிவுடன் உரைத்தார். அதனைக் கேட்ட நம்பியின் சினம் மறைந்தது. இத்துணை இரக்கம் தமக்குத் தோன்றவில்லையே என்று வியந்து, மாணவரைத் தழுவி, எம்பெருமானார் என அழைத்தார்.

கட்டளையை மீறியோர் உலகில் பலர். அவருட் பெரும்பாலோர் தம் நலங்கருதி மீறியோரே. பிறர் நலங்கருதி மீறி, அதனால் வரும் தண்டனையைத் தாமே வேண்டி ஏற்போர் மிகச் சிலர். இவ்விரு வகையினரும் வெளித்தோற்றத்தில் ஒத்தவராய்த் தோன்றினும், அவர்தம் உள்ளம் நோக்கிய திசைகள் வேறு வேறு.

பிற்கால வாழ்வு

இராமாநுசர் பிரமசூத்திரத்திற்கு விரிவுரையாகச் சிறீபாடியம் என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குத் தம் மாணவராகிய திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு ஆறாயிரப்படி என்னும் உரையை எழுதுவித்தார். அவருடைய மாணவருள் காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில் பிறந்து, பெருஞ்செல்வத்தைத் துறந்து வந்த கூரத்தாழ்வான் தலைசிறந்தவர்.

உறையூர் மல்லராகிய உறங்காவில்லி தாசர் அவர்க்கு மிக நெருங்கிய தொண்டராயினார். காவிரியில் நீராடித் திரும்பும்பொழுது இராமாநுசர் அவருடைய தோளைப் பற்றிக்கொண்டே நடப்பார். குலவேற்றுமை பாராட்டியோர் அதுகண்டு முகம் சுளித்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கன்னட நாட்டு மேல்கோட்டையில் வாழ்ந்த காலத்தில், தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டுச் சிறப்பித்து, ஆண்டில் சில நாட்கள் அவர்கள் கோயிலுக்குள் வந்து வழிபட வகை செய்தார். சில நாட்களே எனினும், அடைத்துக் கிடந்த கதவைத் திறந்த செயலாகும் அது. காஞ்சியில் ஒரு வேளை உணவில் நிறைவேறாத அவர் எண்ணம், இவ்வாறு ஊரறிய நிறைவேறலாயிற்று.

நெடுங்காலம் வாழ்ந்த இராமாநுசர் 1137 ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மறைந்தார் என்பர். அவர் பிறந்த ஆயிரமாவது ஆண்டு நிறைவு 2017 ஆம் ஆண்டில் கொண்டாடப்பட்டது.

கடலில் செல்வோன் காந்த ஊசியை நோக்கித் திசையறிவான். அவ்வூசி புயலிலும் இருளிலும் ஒரே திசையைக் காட்டும். ஆனால் ஊசியைக் கண்டுவிட்டதனால் மட்டும் கரை வந்துவிடாது. அலையை எதிர்த்துக் கலத்தைச் செலுத்துதல் வேண்டும். இராமாநுசர் உள்ளத்தில் பிறர்பால் கொண்ட இரக்கம் அவ்வூசியாய் நின்றது. அது காட்டிய திசையில் நடக்கும்பொருட்டு அவர் ஆசிரியர் அன்பையும், ஊரார் மதிப்பையும், தமக்குரிய வீடுபேற்றையும் இழக்கத் துணிந்தார். வழியறியாத இடத்தில் எளியோரிடமும் வழி கேட்கும் பணிவும், வழியறிந்தபின் அதற்குரிய துன்பத்தைத் தாமே ஏற்கும் உறுதியும் அவர் வாழ்வில் ஒருங்கே விளங்கின. வாழ்க்கைப் பயணத்தைத் தொடங்கும் இளைஞர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.